உடைய வேண்டிய குச்சி

இனியவன் துபாயிலிருந்து வந்து இறங்கிய அன்றே அவன் கழுத்தில் ஏதோ கோளாறு என்று அக்கா பானுமதி கண்டுபிடித்துவிட்டாள். கூப்பிட்டால் தலை திரும்பவில்லை. ஆள் முழுதாகத் திரும்பினான், குறுகிய தெருவில் லாரியைத் திருப்புகிற மாதிரி. கேட்டதற்கு, விமானத்தில் கோணலாகத் தூங்கிவிட்டேன் என்றான். ஒரு வாரம் கழித்தும் அப்படியேதான் திரும்பினான். எந்த விமானத் தூக்கமும் ஒரு வாரத்துக்கு வலிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப நீயா சொல்றியா, இல்ல ஒங்க மாமாவ வுட்டு கேக்கவா?"

மாமா என்றது அவள் புருஷன் குருமூர்த்தியை. அவர் கேட்டால் ஊருக்கே கேட்கும். இனியவன் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான்.

கனத்தது. பைக் ஹெல்மெட்டு மாதிரி இல்லை. உச்சியில் ஒரு தகடு, தகட்டின் மேல் கேமரா, கேமராவுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபத்தில் பார்க்கிற அதே பிளாஷ். பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் வாய்ப் பக்கமாக வந்து நின்றது.

"இது இன்னாடா, உறிஞ்சிக் குடிக்கிறதா?"

"கடிக்கிறது. ரெண்டு கையும் பறக்கறதுக்கு வேணும்க்கா. பல்லால கடிச்சா படம் எடுக்கும்."

இனியவன் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணங்களுக்கு விளக்குப் பிடித்து, அப்புறம் கேமரா பிடித்து, பிறகு மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மூலமாகத் துபாய் போனவன். அங்கே விமானத்திலிருந்து குதிக்கிற கிளப் ஒன்றில் பாராசூட் மடிக்கிற வேலை. நாள் முழுக்கத் தரையில் மண்டிபோட்டு மடித்தான். மடித்துக்கொண்டே குதிக்கவும் கற்றுக்கொண்டான். இப்போது அவன் வேலை வேறு. சுற்றுலா வருகிறவர்கள் பயிற்சியாளரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிப்பார்கள். இவனும் கூடவே குதித்து, எதிரே பறந்து, அவர்கள் அலறுகிறதைப் படம் எடுப்பான். வீட்டில் மற்றவர்களுக்கு அது 'போட்டோ கம்பெனி'. பானுமதிக்கு மட்டும்தான் முழு விஷயமும் தெரியும். தெரிந்து அவள் ஒன்றும் பண்ணிவிடவில்லை. தெரிந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஆகாசத்துல வெளிச்சத்துக்கு இன்னா பஞ்சம்? இத வேற தலையில தூக்கினு போறே?"

"சாயங்கால ட்ரிப்புக்குத்தான் கூட்டம். சூரியன் அவங்க முதுகுப் பக்கம் போயிடும், மொகம் கறுப்பா வுழும். கடலு, சூரியன், மொகம் மூணும் ஒரே படத்துல வேணும்னு கேக்கறாங்க. பிளாஷ் அடிச்சாதான் மொகம் வரும்."

"சரி. கழுத்துக்கு இன்னா ஆச்சி?"

பஸ் லேட்டாக வந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். பாராசூட் விரிகிற நேரத்தில் அதன் கயிறு ஒன்று பக்கவாட்டில் வந்து பிளாஷில் மாட்டிக்கொண்டது. விரிகிற துணி கயிற்றை இழுத்தது, கயிறு பிளாஷை இழுத்தது, பிளாஷ் ஹெல்மெட்டை இழுத்தது, ஹெல்மெட்டு இவன் தலையை இழுத்தது. எப்படியோ கயிறு தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"போவலன்னா?"

"ஹெல்மெட்டையே கழட்டி வுடறதுக்குத் தாடையாண்ட ஒரு பிடி இருக்குது."

"கழட்டுனியா?"

"கை போறதுக்குள்ள அதுவே வுட்டுடுச்சிக்கா."

பானுமதி ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

அவன் கேட்க வந்தது அதற்கப்புறம்தான் வந்தது. பிளாஷ் ஒரு கீல் மாதிரியான பிடியில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிடியின் குறுக்கே ஆணி மாதிரி ஒரு பின் போகும். கயிறு மாட்டி இழுத்தால் அந்தப் பின் உடைந்து, பிளாஷ் கழன்று போய்விட வேண்டும். தலை தப்பும். பிளாஸ்டிக் போட்டுப் பார்த்திருக்கிறான். அந்த ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இழுபட்டு வளைகிறதே தவிர உடைவதில்லை. பிளாஷ் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுகிறது.

"வளையாம உடையற சாமான் நம்ம ஊர்லதான் இருக்குதுன்னு நெனச்சிக்கினன்" என்றான். "பீங்கான்ல ஒரு குச்சி. காத்துக்கும், பாராசூட்டு விரியற குலுக்கலுக்கும் தாங்கணும். அஞ்சு கிலோ போதும். பத்துக்குள்ள உடைஞ்சிடணும்."

"உடைஞ்சா பிளாஷ் கீழ வுழுமே. கீழ எவன் தலையிலயாவது?"

"கீழ கடலுக்கா."

"மீனு பாவம்" என்றாள் பானுமதி.

அவள் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் மண் பிசைகிற இடத்தில், பிறகு மண்ணை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ்ஸில், இப்போது அந்த யூனிட்டில் சூளைக்குப் போகிறது வருகிறது எல்லாம் அவள் பார்வையில். பியூஸ் கட்டை, சுவிட்சுக்குள் வைக்கிற வில்லை, ஹீட்டர் கம்பியில் கோர்க்கிற மணி. இதுவரை அவள் கை பட்ட எதுவும் எங்கே போனது என்று அவள் பார்த்ததில்லை. யார் வீட்டுச் சுவரிலோ இருக்கும். தன் கையால் செய்கிற ஒன்று பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக்குப் போகும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

ஓனர் பழமலைநாதனிடம் போய் நின்றாள்.

"ஹீட்டர் மணி ஓட்டி முடிச்ச பொறவு, அச்ச மாத்திட்டு கொஞ்சம் குச்சியா தள்ளிக்கலாங்களா? தம்பிக்கு வேணும்."

"சூடு ஏத்துற சாமானாம்மா?"

"இல்லீங்க. உடையற சாமான்."

"அது நாம கேக்காமலே வருதே!" என்று அவர் சிரித்தார். "எடுத்துக்க, எடுத்துக்க."

முறுக்கு பிழிகிற மாதிரிதான். ஈர மண் அச்சின் ஓட்டை வழியாக நீளமாக வந்தது. அதைக் கம்பியால் அறுத்து, பலகையில் அடுக்கி, நிழலில் காயவைத்தாள். சுண்ணக்கட்டியில் பாதி தடிமன். காய்ந்ததும் ஒரு டப்பாவில் போட்டு, பியூஸ் கட்டைகளோடு சூளைக்குள் தள்ளினாள். இனியவன் தினமும் மாலை வந்து சூளைக் கதவைப் பார்த்துவிட்டுப் போனான். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் மாதிரி இருந்தது. யூனிட்டில், சூளையிலிருந்து வருவதைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது பொறுக்குகிற மேசையில் உட்காருகிற கண்ணம்மாளுக்கு மட்டும் பானுமதி விஷயத்தைச் சொல்லியிருந்தாள்; அவள் அவனை விடவில்லை.

"இன்னா தம்பி, ஆகாசத்துல கல்யாண போட்டோ எடுக்கிறியாமே. அங்க பந்தல் யாரு போடறா?"

"நீ வாயேன் பெரிம்மா, ஒன்னயும் ஒரு படம் எடுக்கறன்."

"நான் குதிச்சா பாராசூட்டு என்னத் தூக்காது. நான்தான் பாராசூட்டத் தூக்கணும்."

சூளை ஆறித் திறந்த அன்று பானுமதி பாங்குக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குச்சிகள் மேசையில் இருந்தன. வெள்ளையாக, நேராக, ஒரு மறு இல்லாமல். ஒன்றோடு ஒன்றைத் தட்டினாள். கணீர் என்றது. இன்னொன்றை எடுத்துத் தட்டினாள். அதுவும் கணீர். அவளுக்கு வாயெல்லாம் பல். இனிப்புக் கடைக்காரன் கட்டுகிற மாதிரிக் காகிதத்தில் சுற்றி, வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம்பி கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் மூடியிருந்தது. பின்பக்கக் கொட்டகை உத்தரத்தில் இனியவன் ஒரு சின்னச் சட்டம் மாட்டினான். பிளாஷின் பிடியைப் போலவே இரண்டு இரும்புத் தகடு, நடுவே குச்சி, குச்சியிலிருந்து ஒரு வாளி. அவன் மண் அள்ளிப் போட, அவள் தள்ளி நின்று பார்த்தாள். அஞ்சு கிலோ அளவுக்குக் கோடு போட்டிருந்தான். தாண்டியது. பத்துக் கிலோ கோட்டையும் தாண்டியது. வாளி நிறைந்தது. குச்சி அப்படியே இருந்தது. வாளிக்கு மேல் இரண்டு எடைக்கல்லை வைத்தான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா!" என்றாள் பானுமதி.

சொல்லி முடித்ததும்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

இன்னொரு குச்சி மாட்டினான். அதுவும் வாளியைத் தாங்கியது. மூன்றாவதும். அவன் வாளியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டினான்.

"எல்லாமே இப்படித்தான் வருமாக்கா?"

அவள் யூனிட்டுக்குள் போய் மேசையைப் பார்த்தாள். வலப்பக்கம் நல்லது போகிற தட்டு, இடப்பக்கம் கழிவு போகிற கூடை. கூடை காலியாக இருந்தது; கழிவை வெளியே குவியலில் கொட்டியாகிவிட்டது. அவளுக்கு விஷயம் புரிந்தது. டப்பா வெளியே வந்ததும் கண்ணம்மாள் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வழக்கம்போலக் கெட்டதைக் கழித்து, வழக்கம்போல உடையாததை மட்டும் மேசையில் வைத்திருக்கிறாள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பானுமதியே வந்து தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். உடைய வேண்டிய சாமானைக் கேட்ட தம்பிக்கு, இருந்ததிலேயே உடையாத நாலைந்தைப் பொறுக்கிக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். இதைத் தலையில் மாட்டிக்கொண்டு அவன் குதித்திருந்தால் பிளாஷ் போகாது. கழுத்துதான் போகும்.

"வா" என்றாள். "நீ கேட்டது குப்பையில கெடக்குது."

கழிவுக் குவியல் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வெள்ளை மேடாகக் கிடந்தது. பழைய வில்லை, மூக்கு உடைந்த பியூஸ் கட்டை, நடக்கும்போது காலுக்கடியில் நொறுங்கியது. மேலாகக் கிடந்ததால் குச்சிகள் கிடைத்தன. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார்கள். இனியவனால் குனிய முடியவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு கையால் துழாவினான்.

அவற்றை மாட்டிப் பார்த்தார்கள். முதலாவது ஆறு கிலோவில் டப்பென்று போனது. சுத்தமாக, பிசிறில்லாமல். அடுத்தது ஏழு. அதற்கடுத்தது எட்டு வரை வந்து உடைந்தது. ஒவ்வொரு தடவை வாளி விழும்போதும் இனியவன் சின்னப் பையன் மாதிரிக் கை தட்டினான். மீதியிருந்ததில் பத்துப் பன்னிரண்டை மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இதுதான்க்கா. இதேதான்."

வீட்டுக்கு வந்து அன்று மீன் குழம்பு வைத்தாள். குருமூர்த்தி வேப்பூரிலிருந்து லாரியை ஓட்டி வந்திருந்தார். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வயரைக் கடித்துப் பார்த்தார். பிளாஷ் அடித்தது. தெருவில் போன ஆடு திடுக்கிட்டு ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். பானுமதியும் சிரித்தாள்.

மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்ததும் கண்ணம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். கண்ணம்மாள் ஒரு பியூஸ் கட்டையைத் தட்டியபடியே கேட்டாள்.

"குப்பையில இருந்து எடுத்தியா? எத எடுத்தே?"

"நீ தட்டிப் பாத்துட்டு கழிச்சதுதான்."

"தட்டிப் பாத்து மட்டுமா கழிச்சன்? கரும்புள்ளி இருந்தா கழிச்சன். கோணலா இருந்தா கழிச்சன். ஒண்ணு ரெண்டு, கை தவறி கூடையில வுழுந்துச்சி, போனா போவுதுன்னு வுட்டுட்டன். நீதான சொல்லிக் குடுத்த, மறு இருந்தா வெக்காதன்னு."

பானுமதி கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு எழுந்தாள்.

இனியவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் விமானம். அவள் கை நீட்டினாள்.

"அந்த டப்பாவக் குடு."

"இன்னாத்துக்கு?"

"குடுடா."

யூனிட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். கழிவு என்றால் எல்லாம் ஒரே கழிவு இல்லை. விரிசலுக்காகப் போனது இருக்கிறது. வெறும் கறைக்காகப் போனதும் இருக்கிறது. கறை இருக்கிறதற்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. அவன் கேட்டுக்கொண்டே வந்தான், தலை மட்டும் ரோட்டைப் பார்த்து.

டப்பாவைக் கொட்டினார்கள். ஒன்றில் மிளகு அளவு கரும்புள்ளி. மற்றபடி நேரானது. இனியவன் அதை எடுத்துச் சட்டத்தில் மாட்டி, மண் போட ஆரம்பித்தான். அஞ்சு, பத்து, வாளி நிறைந்தது, எடைக்கல் ஏறியது. அவன் வாளியின் பிடியைப் பிடித்துத் தன் எடையையும் கொஞ்சம் போட்டு இழுத்தான். சட்டம் கிறீச்சிட்டது. குச்சி இருந்தது.

அவன் கையை எடுத்தான். ஒரு கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டு வந்தது.

"சரி, இத எடுத்துடலாம். புள்ளி இருக்கிறத, கோணலா இருக்கிறத எடுத்துடு. தட்டிப் பாத்து, மந்தமா சத்தம் வர்றத மட்டும் குடு."

அவள் ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டினாள். ஒன்று மந்தம். ஒன்று கணீர். ஒன்று இரண்டுக்கும் நடுவே.

"இது எவ்ளோல உடையும்?"

"தெரியல."

"இது?"

"தெரியல தம்பி. மந்தமா இருந்தா விரிசல் இருக்குதுன்னு தெரியும். அது எவ்ளோ ஆழம்னு தெரியாது. மூணு கிலோல போனாலும் போவும், பதினஞ்சுல போனாலும் போவும்."

"நேத்து மூணும் சரியா உடைஞ்சிதேக்கா!"

"நேத்து மூணு உடைஞ்சிது. அந்த மூணும் இப்ப எங்க? தாங்குமான்னு கேளு, தொங்க வுட்டு சொல்றன். இருவது வருசமா அதத்தான் பண்றன். உடையுமான்னு கேட்டா உடைச்சித்தான் சொல்லணும். உடைச்ச பொறவு ஒங்கிட்ட இன்னா இருக்கும்?"

அவனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டாலும் தலையை ஆட்ட முடியவில்லை; அது பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

"அப்ப நான் இன்னா பண்ணட்டும்? அங்க ஒருத்தன் பிளாஷ டேப்பு போட்டு சுத்திக்கினு குதிக்கிறான். அவன் படத்துல மொகம் பளிச்சினு இருக்குது. நான் போய் அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லவா? சாயங்கால ட்ரிப்ப அவனுக்குக் குடுத்துடுவாங்க. நான் மறுபடி மண்டி போட்டு துணி மடிக்கணும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. இந்தக் குச்சியைக் கொடுக்காவிட்டால் அவனும் டேப்பைச் சுற்றிக்கொள்ளலாம். அது எந்த எடைக்கும் உடையாது. குச்சியைக் கொடுத்தால், பத்தில் ஏழு சரியாக இருக்கலாம். எந்த ஏழு என்று அவளுக்குத் தெரியாது. கொடுப்பதும் கொடுக்காததும் ஒரே கிணற்றின் இரண்டு பக்கம் மாதிரி இருந்தது. ஆனால் அதில் அவள் கையிலிருந்து போகிறது குச்சி ஒன்றுதான்.

குச்சிகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். சூளைக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தாள். அவசரப்படவில்லை. புள்ளி வைத்தது மட்டும் இரண்டாவது அடி கேட்டது. இனியவன் தடுக்கவில்லை. கடைசி ஒன்று உருண்டு அவன் காலடிக்கு வந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு அவளிடம் நீட்டினான். அவள் அதையும் உடைத்தாள்.

"டேப்ப சுத்திக்கினு குதிக்க மாட்டன்னு சத்தியம் பண்ணச் சொல்லுவியா?" என்றான்.

"சொல்ல மாட்டன். சத்தியம்லாம் எனக்கு எதுக்கு? அத தட்டிப் பாக்கவா முடியும்?"

மறுநாள் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடக் குருமூர்த்திதான் போனார். வாசலில் பைக்கில் ஏறும்போது இனியவன் உடம்பை முழுதாகத் திருப்பி, "போயிட்டு வரன்க்கா" என்றான். ஹெல்மெட்டு பெட்டிக்குள் இருந்தது. பிளாஷும் இருந்தது. அவள் அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. சாப்பாடு, வெயில், கழுத்துக்குப் போடுகிற தைலம் என்று இரண்டு வரி வரும். அவளும் இரண்டு வரி அனுப்புவாள். குதிக்கிறாயா என்று கேட்கவில்லை. போனை மேசையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அது அதிரும்போது கண்ணம்மாள் அவளைப் பார்ப்பாள், அப்புறம் தன் கட்டையைத் தட்டுவாள்.

ஒரு நாள் மத்தியானம் படம் வந்தது.

சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். கீழே கடல். பின்னால் ஆரஞ்சு நிறத்தில் சூரியன், பாதி மூழ்கியது. நடுவே ஒருத்தி, அவள் முதுகோடு கட்டப்பட்ட ஒருவன், இரண்டு பேரின் கையும் விரிந்திருந்தது. பானுமதி கடலைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தை இழுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினாள். மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை. அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பின்னால் இருந்தவன் முகத்தையும் பெரிதாக்கினாள். அதுவும் கறுப்பு. எங்கேயும் ஒரு துளி பிளாஷ் வெளிச்சம் அடித்திருக்கவில்லை. மறுபடியும் முதல் முகத்துக்குப் போய், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கண்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, ஆளே தெரியல?"

"ஆமா" என்றாள் பானுமதி.

'படம் நல்லா இருக்குது' என்று அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து வந்தது. 'இங்க யாருக்கும் புடிக்கல. நாளையிலேருந்து மடிக்கிற வேலை. காலைல மட்டும் குதிக்கலாம்னு சொல்லிட்டாங்க.'

'கழுத்து?'

'இப்ப திரும்புது.'

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். மேசையில் அடுத்த பியூஸ் கட்டை இருந்தது. எடுத்துத் தட்டினாள். நல்ல சத்தம். வலப்பக்கம் வைத்தாள்.